தெற்குவாடியிலிருந்து ஒரு நன்றி

பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், கீழக்கரை உறவுகளுக்கும், முகம் தெரியாமலே எங்களுக்காக ஜெபித்த எல்லோருக்கும்,

வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தோம். யார் யாரிடம் போக வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால், பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது பலருக்கும் தெரியும். ஆடி மாதக் கச்சான் காற்றில் தென்கடலுக்குப் போன எங்கள் ஃபைபர் வள்ளம் அப்பாத்தீவுக்கு வெளியே கவிழ்ந்தது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கூடப்போன பையனும் கவிழ்ந்த வள்ளத்தையும் ஒரு காலிக் கேனையும் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தார்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகு கீழக்கரைப் படகு ஒன்று அவர்களைத் தூக்கியது. மூன்று பேரும் பிழைத்தார்கள். வள்ளம், இன்ஜின், வலை எல்லாம் போய்விட்டன.

முதல் நன்றி அந்தக் கீழக்கரை அண்ணன்மாருக்கு. இவர்கள் கத்திய சத்தம் அவர்களுக்குக் கேட்டபோது அவர்களுடைய வலை கடலில் கிடந்தது. இழுத்து ஏற்றிவிட்டு வருவதென்றால் நேரமாகும். அறுத்து விட்டுவிட்டு வந்தார்கள். வலையை அறுப்பது என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடுத்தக் கைலி கொடுத்து, பிளாஸ்க்கில் இருந்த டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்துக் கரை சேர்த்தார்கள். வலைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "நாளைக்கு எங்க பிள்ளை உங்க பக்கம் மிதந்தா நீங்க கணக்குப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார்களாம். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

வள்ளம் திரும்பவில்லை என்று தெரிந்ததும் டீசல் கணக்குப் பார்க்காமல் தேடப் போன பாம்பன் படகுகளுக்கும், நான் விவரம் புரியாமல் நின்றபோது 1554க்கு அடித்துக் கடலோரக் காவல்படைக்குச் சொன்ன பக்கத்துத் தெருத் தம்பிக்கும், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் தோலுரிந்த கைகளுக்கு மருந்து போட்ட சிஸ்டர்களுக்கும் நன்றி. நாங்கள் தர வேண்டிய பாக்கியைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத மீன் ஏலக்காரருக்கும் நன்றி. அவர் இதைப் படித்துவிட்டு ஞாபகம் வந்து கேட்டுவிடக் கூடாது.

அப்புறம், அந்த ராத்திரி என்னோடு கரையில் இருந்தவர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

நான் பிறந்தது சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) குடும்பம், வாக்கப்பட்டது கத்தோலிக்க வீடு. என் மாமியாருக்கு ஜெபமாலை. எனக்கு வருஷப் பிறப்பன்று எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டை. இந்த வருஷம் எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அட்டையை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். கடல்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் வருமா என்று எல்லோரிடமும் பெருமையாகக் காட்டியவள் நான். அன்று ராத்திரி அதே வசனத்தை நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. சொன்னவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

பங்குச் சாமியார் வந்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, மணலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கே அவருக்குத் தனியாக ஒரு நன்றி. அன்பியத்து (எங்கள் பங்கின் ஜெபக் குழு) அக்காமார் மாமியாரைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் சின்னப்பாலத்து அக்கா ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர் சில வருஷங்களுக்கு முன்னால் இதே கடலில் போனவர். திரும்பவே இல்லை. அந்த அக்கா அந்த ராத்திரி அங்கே வந்து உட்கார என்ன மனசு வேண்டும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் போன் வெளிச்சத்தில் எனக்கு பைபிளில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை வாசித்தார். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிற கப்பல் புயலில் மாட்டிக்கொண்ட கதை. கப்பலில் 276 பேர். பதினாலாவது ராத்திரி, கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரத்தை இறக்கிவிட்டு எப்போது விடியும் என்று இருக்கிறார்கள். பிள்ளையிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் "கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்று பவுல் சொல்வதை நான் அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். கப்பல் போகும் என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. காற்று நிற்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. விடிகிற நேரத்தில் பவுல் அவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். அந்த இடம் வந்ததும் அக்கா போனை வைத்துவிட்டுத் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை எனக்கு ஊட்ட ஆரம்பித்தார்.

நான் அவரிடம் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு இந்த வாக்குத்தத்தம் பலிக்கலையே அக்கா?" கேட்கக் கூடாத கேள்விதான். அவர் கோபப்படவில்லை. "அவரு வரலை. ஆனா நான் ஒத்தையில கிடக்கலை. எப்படின்னு கேட்காத, எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். அப்புறம் இன்னொரு வாய் கஞ்சி கொடுத்தார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயம் இருந்தது, ஆனால் அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் கர்த்தர் என் பக்கத்தில்தான் இருப்பார் என்று மனசில் ஓரிடம் அசையாமல் நின்றது. அந்த அக்கா மடியில் கொஞ்ச நேரம் தூங்கக்கூடச் செய்தேன். "உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று இயேசு சொன்ன சமாதானம் இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி வந்த பிறகு யாருக்கும் நிம்மதி வரும். இது செய்தி வருவதற்கு முன்னாலேயே வந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதற்கப்புறம் பல பேர் என்னிடம், "உன் விசுவாசம்தான் உன் புருஷனைக் காப்பாத்துச்சு" என்றார்கள். அன்போடு சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அப்படியானால் அந்த அக்காவின் விசுவாசம் குறைச்சலா? எனக்கு ஜெபிக்கவே வாய் வராத நேரத்தில் எனக்கும் சேர்த்து ஜெபித்தது அவர்தானே. இங்கே பலரையும் போல என் மாமியாரும் தனுஷ்கோடிப் பிள்ளைதான். 1964 டிசம்பர் புயலில் வீடு வாசலை விட்டு வந்த குடும்பம். அங்கே இடிந்து நிற்கிற கோயில் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், "இங்கதான் எங்க ஆத்தா தினமும் ஜெபம் பண்ணுச்சு" என்பார். ஜெபிக்காதவர்களையா புயல் கொண்டுபோனது?

மாமியார் ஓரியூர்க் கோயிலுக்கு நேர்ந்திருந்தார். போய்வந்துவிட்டோம். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த இடம் அது. அந்தச் சிவப்பு மண்ணில் கொஞ்சம் எடுத்து வந்து என் வீட்டுக்காரர் தலைமாட்டில் வைத்திருக்கிறார். சாவதற்கு முந்தின நாள் அருளானந்தர் சிறையிலிருந்து கடிதம் எழுதினார், அதில் பயமே இல்லை என்பார்கள். அவரையும் கடவுள் காப்பாற்றவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்காரர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. காற்று சத்தம் கேட்டால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கு நேரம் கொடுங்கள், எப்ப இறங்கப் போற என்று டீக்கடையில் கேட்காதீர்கள். கூடப்போன பையன் கடலில் கிடந்த நேரம் முழுக்க முருகனைக் கூப்பிட்டானாம். அவன் இப்போது வேறு வள்ளத்தில் போகிறான், நன்றாக இருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் அசனம், எல்லோருக்கும் சாப்பாடு. எல்லோரும் வரவேண்டும். கீழக்கரை அண்ணன்மாருக்கு ஒரு விஷயம்: நீங்கள் அறுத்த வலைக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் ஒரு வலை கோத்துக்கொண்டிருக்கிறார். கை இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால் மெதுவாகத்தான் வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவார். கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
தெற்குவாடி, பாம்பன்