தம்பி, 45-க்கு முன்னால் 42 இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் முடிந்து, பந்தியில் இலை போட்ட பிறகு நீ சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தக் கடிதம். "யோசேப்பு மாதிரி மன்னிச்சு விட்டுரு அக்கா. தேவன் எல்லாத்தையும் நன்மையாத்தானே முடியப்பண்ணினாரு." பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலோடு விஷயம் முடிந்தது என்று நீ ரசம் கேட்டாய்.

பொதுவில் பதில் எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் வசனத்தைப் பந்தியில் எடுத்தது நீ. தனியாகப் பேச வேண்டியதை நான் தனியாகவே பேசிப் பார்த்துவிட்டேன், அது உனக்குத் தெரியும். காரைக்குடியில் இதை யார் யார் படிப்பார்கள், படித்துவிட்டு யாருக்கு அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அம்மாவின் சொத்தையொட்டி நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதை இங்கே முழுசாக விரிக்கப் போவதில்லை. முக்கியமாக யோசேப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். நீ எடுத்தது அவனைத்தான்.

நீ ஆதியாகமம் 45-ஆம் அதிகாரத்தில் இருந்து ஆரம்பிக்கிறாய். "நான் யோசேப்பு" என்று சத்தமிட்டு அழுது, கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிற இடம். அதற்கு முன்னால் மூன்று அதிகாரம் இருக்கிறது, அதை யாரும் பிரசங்கத்தில் நிதானமாகச் சொல்வதில்லை. 17 வயதில் அண்ணன்மார் குழியில் போட்டு 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டவன், 30 வயதில் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நின்று தேசத்துக்கே அதிபதியாகிறான். ஏழு வருஷ விளைச்சல் முடிந்து, பஞ்சத்தில் இரண்டு வருஷம் கழிந்தபோது அவனுக்கு 39. இருபத்திரண்டு வருஷம். ஆனால் அண்ணன்மார் முதன்முதலில் தானியம் வாங்க வந்து தரையில் விழுந்து வணங்கியபோதே அவன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டான். கண்டும் சொல்லவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான். சிமியோனைக் கட்டி நிறுத்திக்கொண்டான். துபாஷி வைத்துப் பேசினான். இரண்டாம் தடவை வந்தபோது, ராகேல் வயிற்றில் தன்னோடு பிறந்த தம்பி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு பங்கு வைத்துப் பார்த்தான், யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று. கடைசியில் வெள்ளிப் பாத்திரத்தை அந்தப் பையன் சாக்கிலேயே போடச் சொன்னான், திருட்டுப் பட்டம் கட்டி அவனை அடிமையாகப் பிடித்துவைக்க.

இது பழிவாங்கல் இல்லை. பழிவாங்குகிறவன் சாக்கு நிறையத் தானியமும் கொடுத்து, அதற்குக் கொடுத்த பணத்தையும் திரும்ப வைத்து, வழிக்குக் கட்டுச்சோறும் தருவானா? அவன் பார்த்தது ஒன்றே ஒன்று: ராகேலின் மகன் ஒருவனைக் காசுக்கு விட்டுவிட்டுப் போனவர்கள், அவளுடைய இன்னொரு மகனையும் அப்படி விட்டுவிட்டுப் போவார்களா? அன்றைக்கு "விற்றுப்போடலாம்" என்று யோசனை சொன்ன அதே யூதா, "இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்னால் வருகிறான். ஆதியாகமத்திலேயே மிக நீளமான பேச்சுகளில் ஒன்று அவனுடையது, அதிகாரம் 44-ன் கடைசிப் பாதி முழுவதும். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அழுகிறான். மன்னிப்பு அவன் மனதில் எப்போது வந்தது என்று வேதம் சொல்லவில்லை. நம்பிக்கை எப்போது வந்தது என்று தெளிவாகச் சொல்கிறது.

42-ஆம் அதிகாரத்தில் 21-ஆம் வசனம் உனக்கு மறந்திருக்காது. மறக்க முடியாது. ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நீதானே யோசேப்பு. அம்மா பழைய கண்டாங்கிச் சேலைகளை வெட்டி உனக்குப் பலவருண அங்கி தைத்தார்கள், அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக. நாலு பெஞ்சைச் சதுரமாகக் கவிழ்த்து வைத்ததுதான் குழி. ஒத்திகையில் நீ குழிக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டாய்: "இங்கே நான் என்ன பேசணும்?" பேச்சு எதுவும் இல்லை என்றார் டீச்சர். அவர் சொன்னது சரி. 37-ஆம் அதிகாரத்தில் குழிக்குள் இருக்கிற யோசேப்புக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அண்ணன்மார் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. அங்கியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்த அம்மா, வாயில் குண்டூசியோடு எழுந்து வந்து, வேதாகமத்தைத் திருப்பி, ஐந்து அதிகாரம் தள்ளி விரலை வைத்துக் காட்டினார்கள்: "அவன் நம்மைக் கெஞ்சி வேண்டிக்கொண்டபோது, அவனுடைய மனவியாகுலத்தை நாம் கண்டும், அவனுக்குச் செவிகொடாமற்போனோமே."

அன்றைக்கு மேடையில் நீ கெஞ்சினாய். "அண்ணே, தூக்கிவிடுங்கண்ணே" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ கத்தியதில், அண்ணன்மாராக உட்கார்ந்திருந்த பையன்கள் கையில் இருந்த தேன்குழலைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை அழகாக இருந்தாய் அந்த அங்கியில்! அம்மா அதைக் கடைசிவரை பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள்.

அந்த வசனத்தை உனக்குக் காட்டிய விரல்தான், கடைசி மாதங்களில் போனில் உன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தது. இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

குழிக்குள் இருந்து வந்த அழுகை, வேதத்தில் முதன்முதலாக நம் காதில் விழுவது தள்ளிவிட்டவர்களுடைய வாயிலிருந்துதான். யோசேப்பு தன் கெஞ்சலைத் தானே சொல்லிக்காட்டவில்லை. அவர்கள் சொல்கிறார்கள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமலே சொல்கிறார்கள். கேட்டவுடன் அவன் அப்பால் போய் அழுகிறான். கதையில் அவனுடைய முதல் அழுகை அதுதான். ஒப்புரவு அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

இப்போது நீ எடுத்த வசனத்துக்கு வருகிறேன், 50:20. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ..." அதைச் சொன்னது யார்? குழியில் கிடந்தவன். அதே வாக்கியத்தை ரூபனோ சிமியோனோ யோசேப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அதன் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பந்தியில் பரிமாறியது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் அம்மாவின் படத்துக்கு முன்னால்.

அந்த அதிகாரத்தையே இன்னும் கொஞ்சம் கவனி. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து சாகிறார். அத்தனை வருஷமும் யோசேப்பு அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறான். ஆனாலும் அப்பா அடக்கம் முடிந்தவுடன் அவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. நேரில் வராமல் ஆள் அனுப்புகிறார்கள், "மன்னிக்கச் சொல்லி அப்பா சொன்னார்" என்று. "எங்கள் துரோகத்தை மன்னியும்" என்று அவர்கள் அவனிடம் கேட்டதாக வேதம் எழுதியிருக்கிற முதல் இடமே அதுதான். பதினேழு வருஷம் ஒன்றாக உண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே காலம் தள்ளியிருக்கிறார்கள். அது வந்து சேர்ந்தபோது யோசேப்பு மறுபடியும் அழுதான். நமக்கும் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். என்ன கோபம் இருந்தாலும் நீ என் தம்பி.

"சொத்துப் பேசுவது ஆவிக்குரிய காரியம் இல்லை" என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஆபிரகாம் தன் மனைவி சாராளை அடக்கம்பண்ண மக்பேலா நிலத்தை வாங்கும்போது, இனாமாகவே தருகிறேன் என்றான் நிலத்துக்காரன் எப்பெரோன். ஊர் வாசலில் எல்லாரும் பார்க்க 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார் ஆபிரகாம். நிலம், அதிலுள்ள குகை, எல்லையைச் சுற்றியிருந்த மரங்கள் என்று 23-ஆம் அதிகாரத்தில் வருவது, நம் பத்திரத்துச் சொத்து விவரம் மாதிரியே இருக்கும். எருசலேமைப் பாபிலோன் முற்றுகை போட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி 17 சேக்கலுக்கு ஆனதோத்தில் நிலம் வாங்கினார். சாட்சி வைத்துக் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். கணக்கைச் சுத்தமாக வைப்பது அவருக்கு விசுவாசச் செயலாகவே இருந்தது.

மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள் மோசேக்கு முன்னால் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள். மோசே கர்த்தரிடம் கேட்டார். அவர்கள் பேசுவது சரிதான் என்றார் கர்த்தர். பையன் இல்லாத வீடு அது என்று நீ சொல்வாய். யோபுவுக்கு ஏழு மகன்கள் இருந்தும், மூன்று மகள்களுக்கும் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். நம் சட்டமும், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், அப்பாவும் இல்லாமல் உயிலும் இல்லாமல் இறந்த கிறிஸ்தவத் தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது.

எனக்கு எதிராகவும் ஒரு வசனம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். "என் சகோதரனிடம் பங்கு பிரித்துத் தரச் சொல்லும்" என்று ஒருவன் கேட்டபோது, "என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார்" என்று இயேசு மறுத்துவிட்டு, பொருளாசையைப் பற்றி எச்சரித்தார். லூக்கா 12. அதை வைத்துத்தான் என்னை நானே சோதித்தேன். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைக் கண்டிக்கிற 1 கொரிந்தியர் 6-ஐயும் வைத்துக்கொண்டுதான் முடிவெடுத்தேன்: கோர்ட்டுக்குப் போகமாட்டேன். ஆனால் நீ அனுப்பிய விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன். "மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன்" என்று அதில் இருக்கிறது. அது உண்மையில்லை. உண்மையில்லாததில் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு என்னால் கை நீட்ட முடியாது. முதலில் பாகப்பிரிவினை. என் பங்கு என் பெயருக்கு வந்த பிறகு உன் பிள்ளைகளுக்கு நான் எழுதிவைத்தால், அது கொடுப்பது. இப்போது கேட்பது பிடுங்குவது.

சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால்தான் சமாதானம் என்றும் நினைக்காதே. இதே யாக்கோபும் அவருடைய அண்ணன் ஏசாவும் கட்டிப்பிடித்து அழுத பிறகு ஒருவர் சேயீருக்கும் ஒருவர் சுக்கோத்துக்கும் போனார்கள். அப்பா ஈசாக்கை அடக்கம்பண்ண இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். நம் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை "வேறு வைக்கிற" மாதிரிதான். ஒரே வளவு, தனி அடுப்பு, சண்டையும் இல்லை.

இந்த ஒரு வருஷம் நான் எப்படி ஜெபித்தேன் என்று சித்தி கேட்டார்கள். சங்கீதம் 55. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று காலண்டரில் போடுவார்களே, அது 22-ஆம் வசனம். மேலே 12 முதல் 14 வரை படி. சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், நிந்தித்தவன் என்னோடு தேவாலயத்துக்கு ஒன்றாக நடந்துவந்தவன் என்று தாவீது கொட்டித் தீர்க்கிறார். பாரத்தை வைப்பதற்கு முன்னால் அது என்ன பாரம் என்று கர்த்தரிடம் பேர் சொல்லியிருக்கிறார். நானும் சொன்னேன், பேரோடு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மத்தேயு 5:23-ல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்வது, குறையைச் சுமக்கிறவனை இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வருகிறவனை. அதனால் நீ வா. ஆயரைக் கூட்டிவர வேண்டாம், மச்சானையும் வேண்டாம். ஏமாற்றி எடுத்ததைத் திருப்பும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க லேவியராகமம் 6-ல் சொல்லியிருக்கிறது, சக்கேயு நாலத்தனை தருவதாகச் சொன்னான். நான் அந்தக் கூடுதல் எதுவும் கேட்கவில்லை, முதலுக்கான கணக்கு போதும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொள். பணத்துக்கு முன்னால் எனக்கு வேண்டியது 42:21 மாதிரி ஒரு வாக்கியம். அம்மா உன்னிடம் எதைக் கேட்டார்கள் என்று உன் வாயால் நீ சொல்ல வேண்டும். அது நம் இரண்டு பேருக்குள் மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். சாப்பிடாமல் வா.

அக்கா