‘சுற்றித் திரிந்தார்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ‘பேருந்து நிலையத்தில் சுற்றித் திரிந்த மனநிலை பாதித்த மூதாட்டி மீட்பு’ என்ற தலைப்பைக் கண்டேன். தெருவில் அலையும் மாட்டுக்கும் நாய்க்கும் எழுதுகிற சொல்லை, முப்பது ஆண்டுகளாக நான் வாசித்துவரும் நாளிதழ் ஒரு தாய்க்கும் எழுதியதை என்னால் தாங்க இயலவில்லை.

என் அம்மாவுக்கு 79 வயது. ஆறு ஆண்டுகளாக மறதிநோய். மார்த்தாண்டம் அருகே முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவர். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு வெந்த வடு இன்றும் அவர் விரல்களில் உண்டு. விடியுமுன் எழுந்து, காலித் தூக்குவாளியோடு பேருந்துக்குப் புறப்பட்டுவிடுவார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் போகிறவரைத் திரிகிறார் என்று எப்படி எழுதுவது?

சென்ற ஆண்டு ஒருநாள், இறங்குமிடம் சொல்லத் தெரியவில்லை என்று நடத்துநர் ஒருவர் அவரை மேம்பாலத்தின் அடியில் இறக்கிவிட்டார். பாலம் வருமுன் அந்தச் சந்திப்பில் அம்மாவுக்குத் தெரியாத கடை இல்லை. தூண்களுக்கு நடுவே நின்றவருக்குத் திசையே புரியவில்லை. பூ விற்கும் பெண் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்து, தூக்குவாளியின் அடியில் நான் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்ததால்தான் அம்மா கிடைத்தார். அதற்கும் முன்பு, கையெழுத்து மாறுகிறதென்று ஒரு வங்கியில் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி அதட்டினார்கள். ‘வயதானால் அப்படித்தான்’ என்று மருத்துவர் ஒருவர் சோதிக்காமலே அனுப்பியதில் ஓராண்டு வீணானது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக ஆய்வு மதிப்பிட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்நோய்க்கு வழங்கிவந்த இழிவான பெயரையே ஜப்பான் அரசு 2004இல் மாற்றியது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், இவர்களைப் பொறுமையாக வரவேற்கும் கடைகள் முடிச்சிட்ட சிவப்புக் கைக்குட்டையின் படத்தை ஒட்டிவைக்கின்றன. மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போடும் அம்மாக்கள் உள்ள நம் ஊரில், அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படாது. பக்கத்துக் கொச்சியில்கூட இதற்கான முயற்சி தொடங்கிவிட்டது.

நான் கேட்பது சிறிய உதவிதான். இனி இத்தகைய செய்திகளில் ‘வழி தவறிய முதியவர்’ என்று எழுதுங்கள். அதன் கீழே முதியோர் உதவி எண் 14567ஐயும் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஒரு மகள்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.