11 இன்னும் 11தான்

என் மீன் தொட்டிப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கொழிஞ்சாம்பாறை நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம். தொட்டியில் இருந்த 20 நியான் டெட்ராவில் (சின்ன வண்ண மீன்) 9 காரணமே தெரியாமல் காணாமல் போனதுதான் அந்தப் புலம்பல். இன்று காலையும் எண்ணிவிட்டேன்: 11. நேற்றும் 11, முந்தாநாளும் 11. நியான் டெட்ராவை எண்ணுவது லேசான வேலையல்ல, ஒன்றாவது ஓரிடத்தில் நிற்காது. ஆனாலும் மூன்று நாளாகக் கணக்கு குறையவில்லை.

ஃபில்டரைக் கழற்றி உள்ளே ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தவர், துள்ளி விழுந்திருக்குமோ என்று அலமாரியை நகர்த்தித் தேடியவர், தொட்டிமேல் கொசுவலை கட்டித் தந்தவர், இரவில் டார்ச்சோடு காவலிருந்த என் மகன் எல்லோருக்கும் நன்றி. சந்தேகத்தின் பேரில் வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிக் கோவைக்கு நாடு கடத்தப்பட்ட ஏஞ்சல் மீனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வளர்ந்த ஏஞ்சல் டெட்ராவை விழுங்கும் என்பது உண்மைதான். இந்த வழக்கில் அது நிரபராதி. தொலைபேசியில் நான் கத்தித் தீர்த்த கோவை மீன் கடைக்காரரே, உங்களிடமும்தான்.

மற்ற நன்றியெல்லாம் பால்கார அம்மாவுக்கு.

தினமும் காலையில் பால் சொசைட்டிக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போவார். அன்று நான் முகம் தொங்க நின்றதைப் பார்த்து, தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மீனை அவர் பார்க்கவேயில்லை. மூலையில் செழித்து நின்ற வேலம்பாசியைப் பார்த்தார்.

“இது எங்கிருந்து வந்தது மோனே?”

மூலத்தறை வாய்க்காலில் நானே பறித்து வந்தேன், பெருமையாகச் சொன்னேன்.

“துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குக் கொடு.”

ஈர்க்கு நுனியால் பாசியின் அடியில் மணலை மெல்லக் கிளறிக்கொண்டே போனார். அரை மணி நேரம் இருக்கும். ஓரிடத்தில் மணலே எழுந்து பாய்ந்தது. டீ வடிகட்டியால் ஒரே அள்ளு. சேற்று நிறத்தில், கட்டைவிரல் நீளத்தில், ஆறு காலும் முட்டைக் கண்ணுமாக ஒன்று. தட்டானின் குஞ்சு! பகலெல்லாம் மணலுக்குள் பதுங்கிக் கிடந்திருக்கிறது. அதன் கீழுதடு முழங்கை மடக்கியதுபோல் முகத்துக்கு அடியில் மடிந்திருந்தது; ஈர்க்கு நுனியால் தொட்டு விரித்துக் காட்டினார். நுனியில் கொக்கிகள். மீன் பக்கத்தில் வந்தால் அந்த உதடு கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு கவ்விவிடுமாம். பாய்ந்ததன் ரகசியம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஆசனவாய்க்குள் இழுத்த நீரைப் பீய்ச்சி, ராக்கெட் போலப் போகிறது.

9 மீனைத் தின்ற கோபத்தில் நான் செருப்பைத் தேடினேன். அம்மா விடவில்லை. “கொசுப்புழுவையும் இதுதான் தின்னும்” என்று ஒரு சிரட்டையில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டார். நாற்று நட்ட காலத்தில் வயலில் எத்தனையோ பார்த்தாராம். காபி குடிக்கச் சொன்னேன், நேரமில்லை என்று நடந்துவிட்டார்.

ஏன் நேரமில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது, அதுவும் வேறொருவர் சொல்லி. அன்று அவர் போவதற்குள் சொசைட்டியில் பால் எடுத்து முடித்துவிட்டார்கள். 6 லிட்டரையும் டீக்கடையில் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு போயிருக்கிறார். மறுநாள் பால் ஊற்றும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை; “மீன் எத்தனை?” என்று மட்டும் கேட்டார். குறைந்த பணத்தைக் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

வாய்க்கால் பாசி இனி ஒரு மாதம் தனி வாளியில் கிடந்த பிறகே தொட்டிக்குள் போகும், இது சத்தியம். பால் தூக்கைச் சைக்கிளில் சொசைட்டிவரை கொண்டுபோய்க் கொடுப்பதாக மகன் தானாகவே சொல்லியிருக்கிறான். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. சைக்கிள் குலுங்கினால் பால் சிந்துமாம்.