லாம்பி போட்ட ஓட்டை

மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பிறகு சத்தமே இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நல்ல செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் என் குடல் நெஞ்சுக்குள் குடியேறிய கதை.

ஒரு வருடமாகவே சாப்பிட்டால் இடது நெஞ்சு கனக்கும், குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கும். இதயமோ என்று ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தேன். ஒன்றுமில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, குழாய் போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். வேறு இடத்திலும் காட்டுவோம் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள், பிழைத்தேன். அங்கே ஒரு இளம்பெண் டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார். "சார், வயிற்றில் கேட்கவேண்டிய சத்தம் இங்கே கேட்குது." சிடி ஸ்கேன் எடுத்தால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்தில் ஆறு சென்டிமீட்டர் கிழிசல். பெருங்குடலில் ஒரு வளைவும் இரைப்பையில் பாதியும் மேலே. குழாய் போட்டிருந்தால் குடலிலேயே குத்தியிருக்கலாம்.

எப்போதாவது பலமாக அடிபட்டதா என்று சர்ஜன் கேட்டார். இல்லையே என்றேன். "அழகர்கோயில் ரோடு!" என்றாள் இவள். 1997. உன் மாமாவின் லாம்பி ஸ்கூட்டர். ஓட்டிய மகராசன் யார்? பாலத்துச் சுவர் என் இடது விலாவில். வலப்பக்கம் கல்லீரல் முட்டுக்கொடுக்குமாம், அதனால் இடப்பக்கம்தான் பெரும்பாலும் கிழியும். நான் இழுத்த ஒவ்வொரு மூச்சும் குடலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்திருக்கிறது.

வயிற்றில் ஐந்து துளை, அவ்வளவுதான். கரியமில வாயுவை ஊதிக் கூடாரமாக்கி, கேமராவை விட்டு, ஒட்டிக்கிடந்ததைப் பிரித்துக் கீழே இறக்கி, கரையாத நூலால் தைத்து, மேலே வலையும் வைத்துவிட்டார்கள். ஒட்டல் அதிகமிருந்தால் திறந்துதான் செய்யவேண்டும் என்று முந்தின நாளே சொல்லித் தூக்கத்தைக் கெடுத்தார்கள், நல்லவேளை, திறக்கவில்லை. நாலாம் நாள் வீட்டில் கஞ்சி. வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், மிச்ச வாயு உறுத்தினால் தோளில் வலிக்குமாம். நம் நண்பன் ஒட்டகம் என்னைப் பார்க்க வந்து, "வயித்துல ஆபரேஷன், தோள்ல தைலமா?" என்று சிரித்த சிரிப்பில் எனக்குத் தையல் பிரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று படித்தேன். 1579-லேயே ஆம்ப்ரோய்ஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவன் எட்டு மாதம் கழித்துச் செத்தான். உதரவிதானத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் ஓட்டை, அதில் குடல் சிக்கி அழுகியிருந்தது. அதைப் படித்த ராத்திரி உன் நினைவுதான்.

அன்று நீயும்தானே மைல்கல் மேல் விழுந்தாய்? ரெண்டு வருடமாக "கேஸ்தான்டா" என்று ஜெலுசில் குடிக்கிறாய். சாப்பிட்டதும் மூச்சு முட்டுகிறது என்று பொங்கலன்றுகூடச் சொன்னாய். எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கவேண்டும் என்றில்லை. ஆனாலும் போய் ஒரு எக்ஸ்ரே எடு. டாக்டரிடம் 1997-ஐச் சொல், என்னை மாதிரி "இல்லையே" என்று நிற்காதே.

திங்கட்கிழமை போன் செய்வேன். எடுத்தாயா என்பதுதான் முதல் கேள்வி. அன்றைய பெட்ரோல் காசு ரெண்டாவது.

உன்
பின்சீட்டு