அது ஒத்துமை இல்ல சார், பொழப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வலசைப் பறவைங்க பத்தின கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் சூப்பர், ஆனா கடைசியில "இனம் பாக்காம ஒத்துமையா இருக்குதுங்க, மனுசங்க கத்துக்கணும்"னு முடிச்சிருந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிச்சுது. சீசனுக்கு சீசன் பைனாகுலரைத் தூக்கிட்டு ஏரிக்கரையில உக்காந்து பாக்கறவன் நான், அங்க நடக்கறது ஒத்துமை கிடையாது, அவனவன் பொழப்பு.

நாமக்கோழியையே எடுத்துக்குங்க. உடம்பெல்லாம் கருப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை நாமம், முங்கி முங்கி அடியில கிடக்கற நீர்ச்செடியைப் பிடுங்கிட்டு மேல வரும். நாமத்தலை வாத்துக்கு இப்படி முங்கித் தேடறதெல்லாம் ஒத்து வராது, அதனால ஒண்ணும் தெரியாத மாதிரி பக்கத்துலயே மிதந்துக்கிட்டிருக்கும், நாமக்கோழி தலை வெளிய வந்துச்சோ இல்லையோ வாயில தொங்கறதை வெடுக்குன்னு புடுங்கிட்டு நகந்துடும். கருவால் வாத்தும் இதே வேலைதான். நாமக்கோழி தண்ணிய உதறிட்டு மறுபடி முங்கும், வேற என்ன பண்ணும் பாவம்.

எல்லாமே திருட்டுன்னும் சொல்லல. ஒரே சேத்துல பல வகை உள்ளான் (கரையோரச் சேத்துல புழு பூச்சி கொத்தற பறவைங்க) அடிச்சுக்காம மேயறதுக்குக் காரணம் மூக்கோட நீளம். கோட்டான் (ஆந்தை இல்லீங்க, வளைஞ்ச மூக்கு உள்ளான் ஜாதி) ஆழத்துல இருக்கற புழுவை இழுக்கும், கொசு உள்ளான் மேலாப்புல கொத்தும், பங்காளிச் சண்டைக்கு வேலை கம்மி. பவளக்காலி (செவப்புக் கால் உள்ளான்) இருந்தா இன்னும் வசதி, பருந்து தலை தெரிஞ்சதும் அதுதான் மொதல்ல கத்தும், மத்ததெல்லாம் சேந்து எழும்பிடும். அது யாருக்காகவும் கத்தல, பயத்துல கத்துது, காதுல வாங்கினவன் தப்பிச்சுக்கறான், அவ்வளவுதான்.

இப்படி நெருக்கியடிச்சு இறங்கற எடத்துல பறவைக் காய்ச்சலும் ஒரு இனத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுது, அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார்?

அப்புறம் அந்தப் பெரிய போட்டோவுக்குக் கீழ 'கொக்குகள்'னு போட்டிருக்கீங்க. முன்னாடி நிக்கறது கரண்டிவாயன், மூக்கு நுனியப் பாருங்க தெரியும். அது மூக்கைத் தண்ணியில விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலசிக்கிட்டே நடக்கும், அந்தக் கலக்கல்ல மெரண்டு ஓடற மீன்குஞ்சைக் கொத்தத்தான் சின்னக் கொக்கு பின்னாலேயே வருது. உங்க போட்டோகிராபர் சரியாத்தான் எடுத்திருக்கார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்