முதல் டைவ் கம்ப்யூட்டர்: ஸ்கூபா பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கூபா பயிற்சிப் பள்ளிகளை நடத்துவோருக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

அடிப்படைப் பயிற்சியை முடித்த கையோடு மாணவர்கள் உங்களிடம் கேட்பது, "எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்றுதான். ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் அந்த மணிக்கட்டுக் கருவிக்கு, ஒரு மாடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதிலாக அரை மணி நேரப் பாடம் ஒன்றை நடத்துங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

மாஸ்க் பொருந்தவில்லை என்றால் தண்ணீர் உள்ளே வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபின் இறுக்கமாக இருந்தால் கால் வலிக்கும். கம்ப்யூட்டர் மட்டும் எதையும் காட்டிக்கொடுக்காது. படிக்கத் தெரியாதவர் கையிலும் அது சரியான எண்களைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

முதலில், அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் சேர்ந்து, அவசரமாக மேலே வந்தால் குமிழாகி ஆபத்து தரும் நைட்ரஜனை அது அளப்பதில்லை. நீரின் அழுத்தத்தையும் நேரத்தையும் அளந்து, சில கற்பனைத் திசுப் பிரிவுகளில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. பல கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் பூல்மான் கணக்கு முறையில் இப்படி 16 பிரிவுகள் உண்டு. வேகமான பிரிவு சில நிமிடங்களில் பாதி நிரம்பிவிடும். மிக மெதுவானதற்கு 635 நிமிடம் பிடிக்கும். மாணவர் சரியாகத் தூங்கினாரா, போதுமான தண்ணீர் குடித்தாரா, குளிரில் நடுங்கினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான், கணக்கு எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் கன்சர்வேட்டிசம் அமைப்பு. 40/85 என்று போட்டிருந்தால், இரண்டாவது எண்ணின்படி, மேற்பரப்புக்கு வரும்போது கணக்கு அனுமதிக்கும் உச்சத்தில் 85 சதவீதத்துக்குள் நிற்கும்படி நேரம் தரும்; 45/95 இன்னும் தாராளமாகத் தரும். சில கம்ப்யூட்டர்களில் இந்த எண்கள் வெளியே தெரியாது, மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். எதுவானாலும் புதியவருக்குக் கட்டுப்பாடான பக்கமே நல்லது. ஒரே ஆழத்துக்குச் சேர்ந்து போகும் இருவரின் கம்ப்யூட்டர்கள் வேறு வேறு நேரம் காட்டினால், குறைவான நேரம் எதுவோ அதற்கே இருவரும் கட்டுப்பட வேண்டும். இதை வகுப்பிலேயே அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது திரை. எங்கள் கணிப்பில் முதல் கம்ப்யூட்டரை முடிவு செய்ய வேண்டியதே இதை வைத்துத்தான். ஆழம் 18, கடந்த நேரம் 22, நோ-டிகோ நேரம் (மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் அந்த ஆழத்தில் இன்னும் இருக்கக்கூடிய நேரம்) 31 என்று திரையில் இருக்கிறது. 22-ம் 31-ம் அருகருகே, ஒரே அளவில் இருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் புதியவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வார். கையேட்டில் இருக்கும் டைவ் திரையின் படத்தை இரண்டு விநாடி காட்டி மூடுங்கள். "இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம்?" என்று கேளுங்கள். தடுமாறினால் அந்தத் திரை அவருக்கு ஒத்துவராது. பிறகு, கட்டாய நிறுத்தம் தேவைப்படும்போது வரும் டிகோ திரையின் படத்தைக் காட்டுங்கள். நோ-டிகோ நேரம் தீர்ந்ததும் பல கம்ப்யூட்டர்களில் அதே இடத்தில், நிற்க வேண்டிய ஆழமும் (3 மீட்டர் என்பது போல) மேலே வர ஆகும் மொத்த நேரமும் வந்துவிடும். முன்பே பார்த்திராதவருக்கு அந்த 3 மீட்டர் என்ற எண் என்னவென்றே புரியாது.

வெள்ளெழுத்து வந்தவர்களை மறந்துவிடாதீர்கள். கண்ணாடி இல்லாமல், கையை மடக்கி, மாஸ்க் வழியாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். மங்கலான நீரில் வண்ணத் திரை நன்றாகத் தெரியும், ஆனால் பேட்டரியை அதிகம் தின்னும். சாதாரண எல்சிடி வெயிலில் தெளிவாகத் தெரியும், பேட்டரியும் நெடுநாள் தாங்கும்; இருட்டில் ஒவ்வொரு முறையும் விளக்குப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

பொத்தான்களைக் கையுறை போட்டுக்கொண்டு சோதிக்க வேண்டும். இன்று நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் அதிகமாகக் கலந்த காற்று) பயிற்சி இல்லாதவர் நாளை எடுப்பார். அதனால் ஆக்சிஜனை 32 சதவீதம் என்று வைக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் அழுத்தத்துக்கான 1.4 பார் வரம்பில் உச்ச ஆழம் 33 மீட்டர் என்று வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சாதாரணக் காற்றுக்கான 21-க்குத் திரும்பட்டும். ஒற்றைப் பொத்தான் மாடல்களில் ஒரு அழுத்தம் தவறினால் மெனு முழுவதையும் சுற்றி வர வேண்டும். அந்த எரிச்சலில்தான் பலர், முந்தைய டைவின் கலவையையே மாற்றாமல் இறங்கிவிடுகிறார்கள். சிலிண்டரில் இருப்பது ஒன்று, கம்ப்யூட்டர் கணக்கிடுவது வேறொன்று என்று ஆகிவிடும்.

ஒலி எச்சரிக்கையை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். நீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறியாது. குழுவில் யாருடையது கூவினாலும் எல்லோரும் தங்கள் கையைப் பார்ப்பார்கள், அல்லது ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதிர்வும் இருந்தால் நல்லது. மேலே வரும் வேகத்துக்கான பட்டை, நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டரைத் தாண்டினால், ஓரக்கண்ணுக்கே தெரிய வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் ஒரே கேள்வி: மாணவரே மாற்ற முடியுமா? முடியும் என்றால், நீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எப்படித் துடைப்பது, சிலிக்கோன் கிரீஸை எவ்வளவு மெல்லியதாகத் தடவுவது என்று செய்து காட்டுங்கள். ஒரு தலைமுடி அதன் மேல் கிடந்தாலும் போதும், மூடி அழுத்தமாக உட்கார்ந்தது போலத் தெரியும், நீர் புகுந்துவிடும். சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றியதும் உடம்பில் மீந்த நைட்ரஜனின் கணக்கு அழிந்துவிடும். அதனால் இரண்டு டைவ்களுக்கு நடுவே பேட்டரி மாற்றக் கூடாது. அதே காரணத்தால்தான் ஒருவர் கம்ப்யூட்டரை இன்னொருவர் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் கூடாது. அதில் இருப்பது முதலாமவர் உடம்பின் கணக்கு. டிகோ நிறுத்தத்தைத் தவறவிட்டால் பல கம்ப்யூட்டர்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குக் கணக்கு தர மறுத்து, ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். அதைப் பழுது என்று நினைத்து வேறொன்றை இரவல் வாங்கி இறங்குபவர்கள் உண்டு. அப்படிப் பூட்டிக்கொண்டால் நீருக்குள் இறங்கவே கூடாது என்பதுதான் பொருள் என்று சொல்லிவையுங்கள்.

சிலிண்டர் அழுத்தம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் முதல் நாளே தேவையில்லை. வாங்கினாலும் தொடர்பு இடையில் அறுந்துபோகலாம் என்பதால் பிரஷர் கேஜைக் கழற்ற விடாதீர்கள்.

இஎன் 13319 முத்திரையைக் காட்டி "கணக்கு சான்றளிக்கப்பட்டது" என்று விற்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தரநிலை ஆழத்தையும் நேரத்தையும் அளப்பதைப் பற்றியது. டிகோ கணக்கு அதன் எல்லைக்குள் வராது. விற்பனையில் உங்களுக்குப் பங்கு உண்டென்றால் அதையும் மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு வேறு வகைகளையாவது வாடகைக்கு வைத்திருங்கள், இரண்டையும் நீருக்குள் கட்டிப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.

வாங்கியபின் முதல் டைவில் நீங்களும் கூட இருங்கள். இறங்குமுன் அலகு மீட்டரா, உப்பு நீரா நன்னீரா, கலவை எவ்வளவு என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். மேலே வரும் வழியில், 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்பில் (பாதுகாப்புக்கான நிறுத்தம்) நிற்கும்போது, எத்தனை நிமிடம் மீதி என்று சைகையில் கேளுங்கள். அவர் விரல்களை விரித்துக் காட்டியதும், உங்கள் திரையைப் பார்க்காமல் அவர் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே இருக்கும் எண் அதுதானா என்று பாருங்கள்.