நீ கேட்ட இரண்டு கிலோ கிரீன் டீ

குன்னூர்
நவம்பர் 9

அன்புள்ள மலர்,

செவ்வாய்க்கிழமை உன் செய்தி வந்தது. "அப்பா, நல்ல கிரீன் டீ இரண்டு கிலோ அனுப்புங்கள், அவசரம்" என்று இருந்தது. கூடவே கதிர் சிகிச்சையையும் கிரீன் டீயையும் பற்றி ஒரு கட்டுரை. அவ்வளவுதான். மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து கதிர் வைத்துக்கொள்கிறாயே, உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் மூன்று முறை கேட்டதற்குப் பதில் இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் "நன்றாக இருக்கிறாள் மாமா" என்கிறார். பிறகு பேச்சைக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

இங்கே ஒரு வாரமாக மழை. மலை ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். காட்டெருமை பின்பக்கம் வந்து பீன்ஸ் கொடியெல்லாம் மிதித்துவிட்டுப் போயிற்று. மேல்வீட்டு அத்தை உன்னைக் கேட்டாள். அதெல்லாம் இருக்கட்டும்.

போன மாதம் ஒரு நாள் இரவு போனில் என்னிடம் கேட்டாயே, "கரண்ட் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் கெட்டுப்போகுமா அப்பா?" என்று. கதிரைத்தான் கரண்ட் என்றாய். நீயாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நான் "சேச்சே, அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்ன பதில் அது. இப்போது உன் கட்டுரையைப் படித்தேன். தம்பியிடம் சொல்லி இன்னும் சிலவற்றை அச்செடுத்து வாங்கி அவற்றையும் படித்தேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு முப்பத்தொரு வருடம் ஃபாக்டரியில் இலையைப் பக்குவம் செய்கிற டீ மேக்கராக இருந்தவனுக்கு இது எட்டாத விஷயம் அல்ல.

நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் ஹாம்ஸ்டர் என்கிற வெள்ளெலியின் சினைப்பைச் செல்களை வைத்துச் சோதித்தார்கள். ஆல்பா துகள் என்கிற ஒருவகைக் கதிரை மிகக் குறைவாகவே செலுத்தினார்கள். நூற்றில் ஒரு செல்லின் உட்கருவைக்கூடத் துகள் தொட்டிருக்காது. ஆனால் நூற்றுக்கு முப்பது செல்களில் குரோமோசோம் மாற்றம் தெரிந்தது. அடிபட்ட செல் பக்கத்துச் செல்லுக்கு ஏதோ சொல்லி அனுப்புகிறது. ஒட்டியிருக்கும் செல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய வாசல் வழியாகவும் போகிறது, சுற்றியுள்ள திரவத்தில் கலந்தும் போகிறது. 1997இல் அயர்லாந்தில் கதிர் பட்ட செல்கள் இருந்த திரவத்தை மட்டும் வடித்து, கதிரே படாத செல்கள் மேல் ஊற்றினார்கள். அவற்றிலும் பல பிழைக்கவில்லை. இதைத்தான் பைஸ்டாண்டர் எஃபெக்ட் என்கிறார்கள்.

நீ அனுப்பியது 2010இல் ஹாங்காங்கில் செய்தது. அதே வெள்ளெலிச் செல்கள், அதே ஆல்பா துகள். கதிர் கொடுப்பதற்கு முன்பே திரவத்தில், டீ இலையில் இருக்கிற கேட்டெச்சின் என்ற பொருளைக் கலந்து வைத்தார்கள். கதிர் படாத பக்கத்துச் செல்களில் சேதத்தின் அடையாளமான சிறு உட்கருக்கள் குறைந்தன. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லமாட்டேன். நான் வாழ்நாள் முழுக்கக் கைப்பிடித்த இலை அல்லவா அது. கொழுந்து கசங்கிக் காற்றுப் பட்டால் அதிலுள்ள நொதி கேட்டெச்சினைப் பழுப்பாக்கிவிடும். அது நாம் தினமும் குடிக்கிற டீ. கிரீன் டீக்கு அந்த நொதியை முதலில் கொல்ல வேண்டும். ஆவியில் காட்டும்போது அவித்த அவரைக்காய் வாசனை எழும், நீ சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாயே. அந்த வாசனை வந்தால் நொதி அடங்கியது, கேட்டெச்சின் இலையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் மலர், அது தட்டில் வளர்த்த செல். உனக்கு வைப்பது ஆல்பா துகள் அல்ல, எக்ஸ்ரே. தட்டில் கலந்த கேட்டெச்சின் நேராகச் செல்லைத் தொடுகிறது. நீ குடிக்கிற டீயிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். மனித உடம்பில் இந்தப் பக்கத்துச் செல் சேதம் எவ்வளவு என்பதையே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை. டாக்டரிடம் கேள். கேட்காமல் ஒரு கப்கூடக் குடிக்காதே.

கொஞ்சம்தானே போகிறது, குடித்தால் என்ன என்று நீ கேட்பாய். இரண்டு கிலோ கேட்கிறவள் கஷாயமாகக் காய்ச்சத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாத்திரை வடிவிலும் சாறு விற்கிறார்கள். அதையும் வாங்கி வைத்திருப்பாயோ என்று பயமாக இருக்கிறது. கதிர் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பார். செல்லுக்குள் இருக்கிற தண்ணீரை உடைத்து, அதிலிருந்து பிறக்கும் வெறிபிடித்த மூலக்கூறுகளைக் கொண்டுதான் பெரும்பாலான சேதத்தைச் செய்கிறது. கேட்டெச்சின் போன்ற ஆன்டி-ஆக்சிடன்ட் அந்த மூலக்கூறுகளைத்தான் அணைக்கிறது. எது நல்ல செல், எது அந்தக் கட்டியின் மிச்சம் என்று கேட்டெச்சினுக்குத் தெரியாது. கனடாவில் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்துக்கொண்ட 540 பேரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்து 2005இல் எழுதியிருக்கிறார்கள். கதிரின் கடும் பக்கவிளைவு குறைந்தது. ஆனால் கட்டி அதே இடத்தில் திரும்பி வருவது கூடும் போலத் தெரிந்தது. அது வேறு மருந்து, வேறு புற்றுநோய்தான். இருந்தாலும் எனக்கு அந்த ஒரு வரியே போதும்.

உனக்கு எதற்காகக் கதிர் வைக்கிறார்கள் என்பதையும் தேடிப் படித்தேன். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றிய 10,801 பெண்களின் கணக்கை 2011இல் ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கதிர் வைக்காதவர்களில் பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. வைத்துக்கொண்டவர்களில் 19 பேருக்கு. அந்த வித்தியாசத்துக்குள் நீ இருக்க வேண்டும். அதில் கை வைக்காதே, கண்ணு. டாக்டரிடம் கேள்.

நீ எட்டாம் வகுப்பில் படித்தபோதே தனியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி வந்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பியவள். உன்னைப் போல ஒரு தைரியசாலியை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான் இப்போது என்னைக் கொல்கிறது. ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் சொல்கிறாய். அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்தாயாம். நான் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது?

இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாளாகப் பேனாவை மூடி மூடி வைத்தேன். எழுதிவிடுகிறேன்.

2003இல் அம்மாவுக்கு இருபத்தைந்து சிட்டிங் கதிர் வைத்தார்கள். கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தோம். அப்போதுதான் எங்கள் ஃபாக்டரியில் கிரீன் டீ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு பத்திரிகையில் கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்கும் என்று படித்திருந்தேன். நான் செய்த டீ, நானே காய்ச்சினேன். ஒரு கைப்பிடித் தூளை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, அந்தப் பச்சை பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போவேன். இப்போது உன் சமையலறையில் இருக்கிறதே, அதே பிளாஸ்க். ரேடியேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா குடிப்பாள். நாக்கை ஒட்டிப் பிடிக்கிற துவர்ப்பு அது, டீ ருசி பார்த்தே பழகிய எனக்கே குமட்டும். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் ஆசையாகக் கொடுத்ததால் குடித்தாள்.

இரண்டாவது வாரம் டாக்டர் கேட்டார், "நாட்டு மருந்து, கஷாயம், பொடி ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று. நான் "ஒன்றுமில்லை சார்" என்றேன். பிளாஸ்க் அம்மாவின் மடியில் துணிப்பைக்குள் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் பையின் வாயைச் சுருட்டி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது வருடம் நோய் காறை எலும்புக்கு மேலே திரும்பி வந்தது. மிச்சம் உனக்குத் தெரியும்.

அந்த டீயால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை என்றும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குடித்ததாலா என்பதைவிட, கேட்டவரிடம் இல்லை என்று சொன்னேனே, அதுதான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பார், அல்லது பரவாயில்லை என்றிருப்பார். எதுவானாலும் இருபது வருடமாக ராத்திரியில் எழுந்து உட்காராமல் இருந்திருப்பேன். அம்மாவையும் என் பொய்க்குள் இழுத்துவிட்டேன். உன்னிடம் இதைச் சொல்லாமல், போன மாதம் "சேச்சே" என்று ஒரே வார்த்தையில் உன்னையும் அனுப்பிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆகவே இரண்டு கிலோ அனுப்பவில்லை. நூறு கிராம் வைத்திருக்கிறேன். அதையும் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒரு நாளைக்கு ஒரு கப் குடிக்கலாமா என்று கேள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்று. இன்னொன்றும் கேள்: சீனாவில் ஷான்டாங்கில் கிரீன் டீயின் முக்கியமான கேட்டெச்சினைக் கரைத்து, மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற பெண்களுக்குத் தோலின் மேல் தெளித்துப் பார்த்து 2022இல் எழுதியிருக்கிறார்கள். வெறும் உப்புநீர் தெளித்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குத் தோல் நன்றாகவே புண்பட்டது. இதைத் தெளித்தவர்களில் 50 பேருக்கு. உள்ளே குடிப்பதல்ல, வெளியே தெளிப்பது. நீயாக டீயைக் காய்ச்சித் தடவிவிடாதே. டாக்டரிடம் கேள்.

பார்சலில் அம்மாவின் மெல்லிய வாயல் புடவை இரண்டும் இருக்கின்றன, நீலமும் அந்த மாம்பழ நிறமும். சோப்பு போடாமல் வெந்நீரில் மூன்று தடவை அலசி, வெயில் இல்லாததால் ஃபாக்டரியின் பழைய ட்ரையர் அறையில் கட்டிக் காயவைத்துக் கொடுத்தார்கள். கிழித்துத் தோளில் போர்த்திக்கொள். கதிர் வைக்கிற இடத்தில் ரவிக்கை உரசக் கூடாது. கதிருக்காக அங்கே மை போட்ட கோடுகளைத் தேய்க்காதே.

16ஆம் தேதி நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். வரவேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எதுவும் கொடுக்கமாட்டேன், எதுவும் கேட்கமாட்டேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எழுது. எத்தனை சிட்டிங் முடிந்திருக்கிறது, இன்னும் எத்தனை பாக்கி?

உன் அப்பா